அத்தான் கொடுத்த மதிப்பெண்

எனக்குக் கால் வலி. அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அன்றைக்கு வலி அவ்வளவு இல்லாமலிருந்தால் நான் அக்காவிடம் எரிந்து விழுந்திருக்க மாட்டேன். எரிந்து விழாமலிருந்தால் அத்தானிடம் ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டேன். அவள் சொன்ன மதிப்பெண்ணைப் போட்டுக்கொண்டு, அவள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் படியிறங்கியிருப்பேன்.

என் வேலை கணக்கெடுப்பு. பத்தொன்பது வருடமாகக் கதவு தட்டுகிறேன். பல்பொடியா பற்பசையா, பேருந்தில் கூட்டம் எப்படி, கொசு எந்த நேரத்தில் கடிக்கிறது என்று கேட்காத கேள்வி பாக்கியில்லை. சிலர் உட்காரச் சொல்வார்கள், சிலர் நாயை அவிழ்த்து விடுவார்கள். எல்லாம் பழகிவிட்டது. ஆனால் இந்தத் தடவை வந்தது வேறு மாதிரி. மனிதர்களுக்குத் தாங்கள் குடியிருக்கும் இடத்தோடும், அடிக்கடி போய்வரும் இடத்தோடும் எவ்வளவு ஒட்டுதல் இருக்கிறது என்று அளக்க வேண்டுமாம். நான் முதலில் சிரித்துவிட்டேன். அதற்கு என்ன படியா, மரக்காலா, எதைக் கொண்டு அளப்பது?

பன்னிரண்டு வாக்கியம் கொடுத்தார்கள். ஒவ்வொன்றாக வாசித்துக் காட்ட வேண்டும். கேட்பவர் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண் சொல்ல வேண்டும். ஒன்று என்றால் துளிகூட இல்லை, ஐந்து என்றால் முழுக்க முழுக்க. சொன்ன எண்ணைக் கையிலிருக்கும் டேப்லெட்டில் தட்டினால், அது கூட்டி வகுத்து ஒட்டுதல் இவ்வளவு என்று அலுவலகத்துக்கு அனுப்பிவிடும்.

எங்கள் சூப்பர்வைசருக்குப் புள்ளி சார் என்று பெயர். நாங்கள் வைத்ததுதான். தசமப் புள்ளி இல்லாமல் மனிதருக்குப் பேச்சு வராது. பயிற்சி நாளில் எங்களையே உட்கார வைத்து அந்தப் பன்னிரண்டையும் கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"ரெண்டு புள்ளி ஒண்ணுதாம்மா உங்களுக்கு. இருக்கற வீட்டு மேல ஆசையே கிடையாதா?"

"இது பதினோராவது வாடகை வீடு சார். ஆசை வெச்சா அது வீட்டுக்காரருக்கு மூக்குல வேர்த்துடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். ஆனால் அந்த ரெண்டு புள்ளி ஒன்று ராத்திரி வரைக்கும் பல்லிடுக்கில் மாட்டிய நார் போல உறுத்திக்கொண்டிருந்தது.

இவ்வளவும் எதற்கு என்றால், அந்தப் பழைய குடியிருப்புக்காக. நாலு கட்டடம், மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது, மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். வீட்டு வசதி அலுவலகம் ஊரின் மறுகோடியில் லிஃப்ட் வைத்துப் புதிதாக ஒன்று கட்டியிருந்தது. முன்பு ஒரு தடவை இப்படித்தான் ஓர் இடத்திலிருந்து எல்லோரையும் லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டார்கள். மூன்றே மாதத்தில் பாதிப் பேர் திரும்பி வந்து பழைய வீட்டு வாசலில் பாயை விரித்துவிட்டார்கள். அந்தச் சூடு கண்ட பூனைதான் இந்தத் தடவை அளந்து பார்க்கச் சொல்லியிருந்தது. வீட்டிலுள்ள பெரியவர்களின் எண்களைச் சேர்த்துச் சராசரி பார்ப்பார்கள். மூன்றும் அதற்கு மேலும் வந்தால் அங்கேயே இருக்கலாம், ஒழுகுவதை அடைத்துத் தருவார்கள். மூன்றுக்குக் கீழே வந்தால் புது வீடு. எண் குறையக் குறைய வரிசையில் முன்னால். பதிலே சொல்லாத வீடுகளைக் கடைசி வரிசையில் போட்டுவிட்டு, மிச்சமிருக்கும் வீட்டைக் கொடுப்பார்கள்.

"ஆசை இருந்தா ஓட்டை வீடு, ஆசை இல்லேன்னா புது வீடா? நல்ல நியாயம்டா சாமி" என்றார் முதல் கட்டடத்துப் பூட்டுக்காரர். அவர் சாவி போட்டுக் கொடுப்பவர். பன்னிரண்டு கேள்விக்கும் மனைவி கடைக்குப் போகும் வரை பதில் சொல்லாமல் காத்திருந்தார். "அவ இருக்கும்போது கேட்டா ஒரு மார்க்கு வரும், இல்லாதபோது கேட்டா ஒரு மார்க்கு வரும். உங்களுக்கு எது வேணும்?" இன்னொரு வீட்டில் ஒரு அம்மா தன் வீட்டுக்கு இரண்டும், ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் இடத்துக்கு நாலும் கொடுத்தாள். அங்கே யாரும் தண்ணீர் கொண்டா, சட்டை எங்கே என்று அவளைக் கூப்பிடுவதில்லையாம். நாலைத் தட்டிவிட்டு வந்தேன்.

இப்படி மூன்று வாரம் ஏறி இறங்கினேன். முழங்கால் ஒரு பக்கம், குதிகால் ஒரு பக்கம் என்று பங்கு போட்டுக்கொண்டு வலித்தன. முடிந்தது என்று நினைத்தபோது புள்ளி சார் கூப்பிட்டார்.

"நாலாவது கட்டடம், மூணாவது மாடி, கடைசி வீடு. ரெண்டு ஆளை அனுப்பிட்டேன். ஒருத்தனை விளக்குமாத்தோட துரத்தியிருக்காங்க. இன்னொருத்தி வாசல்லயே ஒண்ணே முக்கால் மணி நேரம் நின்னுட்டு வந்திருக்கா. உங்க அக்காதானேம்மா அது?"

என் அக்காதான். வேறு யார் செய்வார்கள்?

"சொந்தக்காரங்க வீட்டுக்குப் போகக்கூடாதுன்னு விதி சொன்னதே நீங்கதானே சார்?"

"விதி தொண்ணூத்தொன்பது புள்ளி நாலு சதவீத வீட்டுக்கும்மா. மிச்சத்துக்கு நீங்க போங்க."

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஏழு வயது மூத்தவள். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சொன்னால், நாலாவது காலை நாமே வெட்டிவிட வேண்டும், அப்போதுதான் அவளோடு சாப்பிட முடியும். இருபத்தாறு வருடமாக அந்த மூன்றாவது மாடியில் இருக்கிறாள். அத்தான் டைல்ஸ் பதிக்கும் மேஸ்திரி. போன இடத்திலெல்லாம் வேலை முடிந்து மிஞ்சும் துண்டு துணுக்குகளைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டு வருவார். அப்படிச் சேர்த்துச் சேர்த்து, நாலைந்து வருடத்தில் அந்த வீட்டுத் தரை முழுவதையும் அவரே போட்டார். ஒரு கல்லைப் போல இன்னொன்று இருக்காது, ஆனால் இடையில் ஒரு மயிரிழை இடைவெளி தெரியாது. யார் வந்தாலும் முதலில் கீழேதான் பார்ப்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுவதும் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் கொஞ்சம் அசையும். அதன் பிறகு இரண்டே தடவைதான் அவர் படியிறங்கியிருக்கிறார். இரண்டு தடவையும் நாலு பேர் நாற்காலியோடு தூக்கி ஆம்புலன்ஸில் வைத்தார்கள். வேறு ஊரில் வேலை பார்க்கும் மகன் வந்து கூப்பிட்டான். ஆஸ்பத்திரி நர்சம்மா கீழ்த்தளமாகப் பார்த்துப் போங்கள் என்று சொன்னாள். நான்கூடச் சொன்னேன். அக்கா எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தாள்: "அவர் கையால போட்ட தரைடி. இதை விட்டு அவர் உசுரு எங்கேயும் போகாது."

அன்றைக்கு அந்த ஐம்பத்து நாலு படிகளை ஏறினேன். இரண்டாவது திருப்பத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு மறுபடி ஏறினேன்.

"வாடி கணக்குப்பிள்ளை" என்று கதவைத் திறந்தாள். "ஊர்ல இருக்கறவனையெல்லாம் அனுப்பிப் பார்த்துட்டு, கடைசியில வீட்டு ஆளையே அனுப்பிட்டானா உங்க சாரு?"

"பதில் சொல்லலேன்னா உன்னைக் கடைசி வரிசையில போட்டு, எங்கேயாவது மொட்டை மாடிக்குப் பக்கத்துல வீட்டைக் குடுத்துத் தூக்கிடுவாங்க. தெரியுமில்ல?"

"எனக்கு எதுக்குடி எண்ணு? நான் இங்க இருக்கேன். அதுதான் எண்ணு."

பேசினாலும் டீ போட்டுவிட்டாள். தரை அப்போதுதான் துடைத்து ஈரமாக இருந்தது. கட்டிலில் அத்தான் மல்லாந்து கிடந்தார். தலைமாட்டில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. நான் "அத்தான்" என்றதும் கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. முகம் இன்னும் மெலிந்துவிட்டது. சவரம் செய்து, தலை வாரி, சலவைச் சட்டை போட்டு வைத்திருந்தாள். அந்த விஷயத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது. குழந்தையைப் பார்த்துக்கொள்வது போலப் பார்த்துக்கொண்டாள். தன் இடுப்பு போனதைக்கூட அவள் யாரிடமும் சொல்லவில்லை. பாத்திரம் எடுக்கக் குனியும்போது சுவரைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

"சரி, கேளு. சீக்கிரம் முடி" என்று எதிரில் உட்கார்ந்தாள்.

"இந்த இடம் என்னில் ஒரு பகுதி..." என்று ஆரம்பித்தேன்.

"அஞ்சு."

"முழுசாக் கேளுக்கா."

"முழுசாக் கேட்டாலும் அஞ்சு, அரைகுறையாக் கேட்டாலும் அஞ்சு. அடுத்தது."

முதல் எட்டு கேள்விக்கும் இப்படியே ஐந்து ஐந்தாக ஏலம் விட்டாள். ஒன்பதாவதை வாசித்தேன்: "இந்த இடத்தை விட்டுப் போனாலும் எனக்கு ஒன்றும் தோன்றாது."

"அஞ்சு."

"அப்ப உனக்கு ஒண்ணும் தோணாதா? போயிடலாமா?"

அவள் முழித்தாள். இது தலைகீழ்க் கேள்வி. என்ன கேட்கிறார்கள் என்று காதில் வாங்காமல் ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டு போகிறவர்களைக் கண்டுபிடிப்பதற்காகவே நடுவில் இப்படி ஒன்றைச் செருகி வைத்திருப்பார்கள். மற்றதுக்கெல்லாம் ஐந்து சொன்னவர் இதற்கு ஒன்று சொல்ல வேண்டும்; கூட்டும்போது டேப் அதைத் திருப்பி ஐந்தாக எடுத்துக்கொள்ளும். அதை விளக்கினேன்.

"அடிப்பாவி, கூடப் பிறந்தவளையே மடக்கறியா? ஒண்ணு போடு. ஒண்ணுக்கும் கீழ ஏதாவது இருந்தா அதைப் போடு."

மிச்ச மூன்றும் ஐந்து. அவள் கணக்கு முடிந்தது.

"அவருக்கும் அதேதான். போட்டுக்கோ" என்று எழுந்தாள்.

இந்த மாதிரி மூன்று வாரத்தில் நூறு தடவை கேட்டிருப்பேன். புருஷன் மனைவிக்காகச் சொல்வான், மருமகள் மாமனாருக்காகச் சொல்வாள். நாங்களும் கேள்விக்கு ஆள் கிடைத்தால் சரி என்று தட்டிவிடுவோம். ஆனால் அன்றைக்கு எனக்குக் குதிகால் தெறித்தது. சின்ன வயதிலிருந்தே எனக்கும் சேர்த்து அவளேதான் பதில் சொல்வாள். இவளுக்கு இந்தக் கலர் பிடிக்காது, இவளுக்குப் பசிக்கவில்லை, இவள் வரமாட்டாள் என்று. அந்தப் பழைய எரிச்சல் எங்கிருந்தோ குப்பென்று ஏறியது.

"அவரை நான்தான் கேக்கணும்."

"பேச முடியாதவரை என்னடி கேப்ப?"

"வாய்தானே போச்சு? காது இருக்கில்ல?"

கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, ரேடியோவை நிறுத்தினேன். காது கேட்காதவர்களிடமும் திக்கிப் பேசுகிறவர்களிடமும் நாங்கள் விரல் காட்டச் சொல்வது வழக்கம். ஐந்து வரை எண்ணுவதற்கு ஒரு கை போதுமே. "அத்தான், நான் ஒண்ணு ஒண்ணா வாசிப்பேன். துளிகூட இல்லேன்னா ஒரு விரல். முழுக்க முழுக்க ஆமான்னா அஞ்சும். சரியா?" என்றேன். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"இந்த இடம் என்னில் ஒரு பகுதி."

இடது கை போர்வை மேல் கிடந்தது. சுட்டுவிரல் மெல்ல எழுந்தது. ஒரு விரல்.

"பார்த்தியா, பார்த்தியா!" அக்காவுக்கு வாயெல்லாம் பல். "எப்படிப் பதில் சொல்றார் பாரு! அவருக்கு அந்த ஒரு விரலைத்தான் தூக்க முடியும்டி. அஞ்சுன்னு போட்டுக்கோ."

நான் ஐந்தைத் தட்டினேன். இதை ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். அடுத்ததற்கும் ஒரு விரல், நான் ஐந்து. அதற்கடுத்ததற்கும் அப்படியே. பாவம், அவரால் முடிந்தது அவ்வளவுதான் என்று நானும் நம்பினேன். எட்டு தடவை அந்த மனிதர் சொன்னதை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எட்டு தடவை மாற்றி எழுதினோம்.

ஒன்பதாவது வந்தது. "இந்த இடத்தை விட்டுப் போனாலும் எனக்கு ஒன்றும் தோன்றாது."

சுட்டுவிரல் எழவில்லை. கை முழுவதும் நடுங்கியது. முதலில் கட்டைவிரல் விலகியது. அப்புறம் சுட்டுவிரலும் நடுவிரலும். மோதிரவிரல் பாதி வந்து நின்றது. சுண்டுவிரல் வரவே இல்லை. அவர் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் கட்டில் சட்டத்தில் அந்த விரலை அழுத்தி, முட்டுக்கொடுத்து நிமிர்த்தினார். நெற்றியில் வேர்த்துவிட்டது. ஐந்து விரலும் போர்வை மேல் விரிந்து கிடந்தன.

அக்காவின் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது.

"கை பிசகியிருக்கும்" என்றாள். "மறுபடி கேளு."

நான் பத்தாவதைக் கேட்டேன். "இதைவிட நல்ல இடம் எனக்கு வேறில்லை." விரல்கள் மடங்கின. சுட்டுவிரல் மட்டும் நின்றது. மறுபடியும் ஒன்பதாவதைக் கேட்டேன். மறுபடியும் அதே பாடுபட்டு ஐந்தும்.

"அவருக்குப் புரியலை. உன் தமிழே புஸ்தகத் தமிழ். தள்ளு." என்னை நகர்த்திவிட்டு அக்கா குனிந்தாள். "என்னங்க. என்னைப் பாருங்க. உங்களுக்கு இந்த வீட்டை விட்டுப் போகணுமா?"

ஐந்து.

"நீங்க போட்ட தரைங்க இது. ஒவ்வொரு கல்லா தூக்கிட்டு வந்தீங்களே. மறந்துபோச்சா?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. மேலே பார்த்தார். நானும் அப்போதுதான் மேலே பார்த்தேன். கூரையில் ஈரம் கோத்துப் பெரிய பழுப்புத் திட்டாகப் படர்ந்திருந்தது. ஓரத்தில் காரை உதிர்ந்து கம்பி தெரிந்தது. மல்லாந்து கிடக்கிறவருக்குத் தரை எங்கே தெரியும்? ஊருக்கெல்லாம் தரை போட்டவருக்கு இரண்டு வருடமாக அந்தக் கூரைதான். இது யாருக்கும் தோன்றவில்லை. வருடத்துக்கு நாலு தடவை வந்துபோகும் எனக்கும் தோன்றவில்லை.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ ஏன்டி கேட்ட? அஞ்சுன்னு நான்தான் சொன்னேனில்ல? போட்டுட்டுப் போக வேண்டியதுதானே? யார் உன்னைக் கேக்கச் சொன்னது?"

"ரெண்டு வருஷமா நீ ஒருதடவையாவது கேட்டியா?"

கத்திவிட்டேன். கத்தியிருக்கக் கூடாது. இரண்டு வருடம் அவரைத் தூக்கி, துடைத்து, ஊட்டி, இடுப்பு ஒடிந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது, அள்ளவா முடியும்?

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். தலைமாட்டு ரேடியோ பக்கம் திரும்பினாள்.

"இந்த ரேடியோ... காலைலருந்து போட்டு விடறேனே. பிடிக்குதா?"

ஒரு விரல்.

"ஜன்னல்? காத்து பட்டா சளி பிடிக்கும்னு சாத்தி வெக்கறேன்."

ஒரு விரல்.

"சாப்பாட்டுல உப்பு?"

மூன்று விரல். அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து மூக்கால் ஒரு சத்தம் வந்தது. "இதையாவது தேற விட்டாரே" என்றாள். இன்னும் ஒரு கேள்வி அவள் வாய் வரை வந்ததைப் பார்த்தேன். அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைக் கேட்காமல் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். பயமாக இருந்திருக்கும். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

வெளிச்சம் வந்ததும் தரை பளபளத்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: "எனக்குத்தான்டி இந்த வீடு. அவருக்காக, அவருக்காகன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தேன். இதோ இந்த நீலக்கல்லு ஒரு பள்ளிக்கூடத்துல மிஞ்சினது. அந்தப் பச்சை ஒரு கண்ணு டாக்டர் வீட்டுது. எல்லாம் எனக்குத்தான் தெரியும். அவர் போட்டாரு, வேலை முடிஞ்சுது, எழுந்துட்டாரு. குனிஞ்சு குனிஞ்சு துடைச்சவ நான்தானே?"

நான் டேப்பை எடுத்து, அத்தானின் எட்டு ஐந்தையும் அழித்து ஒன்றாக மாற்றினேன். மிச்சம் இருந்த இரண்டையும் கேட்டேன். அவற்றுக்கும் ஒரு விரல்தான். அவருடைய சராசரி ஒன்று, அக்காவுடையது ஐந்து. இரண்டும் சேர்ந்து சரியாக மூன்று வந்தது.

"மூணு வந்தா?" என்று கேட்டாள்.

"இங்கேயே இருக்கலாம்."

அவள் ஆசைப்பட்டது அதுதான். அதற்காகத்தான் இரண்டு பேரைத் துரத்தினாள். இப்போது அது கைக்கு வந்துவிட்டது. அவள் வேண்டுமென்றால் நான் அப்படியே அனுப்பிவிட்டுப் போயிருப்பேன், யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க முடியாது.

"என்னோடதையும் அழிச்சிடு" என்றாள்.

"அக்கா, கொஞ்சம் குறைச்சாலே போதும். நாலுன்னு சொல்லு. ரெண்டரை வந்துடும்."

"எவ்வளவு குறைச்சலோ அவ்வளவு சீக்கிரம் குடுப்பாங்களாமே. கீழ்த்தளமா கிடைக்கணும்டி. கதவைத் திறந்தா தெரு இருக்கணும். அவரைத் தள்ளு நாற்காலியில வெச்சு வெளிய உட்கார வெக்கணும். மறுபடி கேளு."

"நானே ஒண்ணுன்னு போட்டுக்கறேன். நீ சொல்ல வேண்டாம்."

"வேண்டாம். அவரு காதால கேக்கட்டும். என் வாயால சொல்றேன்."

மறுபடி கேட்டேன். இந்தத் தடவை அவள் முந்திக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றையும் முழுசாகக் கேட்டுக்கொண்டு, அத்தான் பக்கம் பார்த்துச் சொன்னாள். இந்த இடம் என்னில் ஒரு பகுதி, ஒண்ணு. இங்கே இருக்கும்போதுதான் நான் நானாக இருக்கிறேன், ஒண்ணு. இந்த இடத்தின் ஒவ்வொரு மூலையும் எனக்குத் தெரியும், ஒண்ணு.  அவள் குரல் பால்காரரிடம் கணக்குச் சொல்வது போல நிதானமாக இருந்தது.

ஒன்பதாவதில் நின்றுவிட்டாள். இந்த இடத்தை விட்டுப் போனாலும் எனக்கு ஒன்றும் தோன்றாது. ஐந்து சொல்ல வேண்டும். அது அவளுக்குத் தெரியும். நான்தானே கொஞ்ச நேரத்துக்கு முன் சொல்லிக் கொடுத்தேன்? வாயைத் திறந்தாள். மூடினாள். இரண்டாம் தடவையும் திறந்தாள். உதடு கோணியதே தவிர எண் வரவில்லை.

அத்தான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை மட்டும் நீயே போட்டுக்கோ" என்றாள்.

ஐந்தைத் தட்டினேன். மிச்ச மூன்றையும் சொல்லி முடித்தாள். அனுப்பு என்பதை அழுத்தினேன். அது ஒரு சத்தம்கூட எழுப்பவில்லை. அத்தானின் கையை எடுத்து ஒரு தடவை கண்ணில் ஒற்றிக்கொண்டேன். டீ ஆறிப் போயிருந்தது, அப்படியே குடித்தேன். வாசல் வரை வந்த அக்கா, "கால்ல எண்ணெய் போட்டுத் தேய்டி, நொண்டி நொண்டி நடக்கற" என்றாள். அவ்வளவுதான். அழுதாளா என்று தெரியாது. கதவு சாத்தியபின் நான் அங்கே நிற்கவில்லை.

முதல் மாடிக்கு இறங்கியபோது போன் அடித்தது. புள்ளி சார்.

"என்னம்மா இது, ஒண்ணு புள்ளி பூஜ்யம்? மொத்தக் கணக்கெடுப்புலயும் இவ்வளவு குறைச்சலா ஒரு வீடுகூட வரலை. ரெண்டு பேருக்குமா? துளி ஒட்டுதல்கூட இல்லாமயா இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டுல இருந்தாங்க?"

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கேட்டேன் சார். அவங்க வாயால சொன்னதுதான்."

"அப்ப வரிசையில முதல் வீடு அவங்களுதுதான். கீழ்த்தளம். அடுத்த மாசம் சாவி குடுத்துடலாம்."

"அடுத்த மாசம் வேண்டாம் சார். இந்த வாரமே குடுத்துடுங்க. அவ மனசு மாறிடும்."

அவர் சிரித்தார். "ஒண்ணு சொன்னவங்களுக்கு மாறுறதுக்கு மனசுல என்னம்மா இருக்கு?"

நான் போனை வைத்துவிட்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்தேன்.